பீங்கான்-உலோகக் கேப்: 12 ஆண்டுப் பயன்பாட்டு அனுபவம்

கீழ்த்தாடைக் கடைவாய்ப் பல் ஒன்றுக்கு வேர் சிகிச்சை முடிந்து, உள்ளே நிக்கல்-குரோமியமும் மேலே பீங்கானும் கொண்ட கேப்பைப் பொருத்திக்கொண்டு 12 ஆண்டுகள் ஆகின்றன. இன்றும் அந்தப் பக்கத்தில்தான் மெல்லுகிறேன்.

பீங்கான் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுபட்டால் எளிதில் விரிசல் விடும். அது வளையாமல் காப்பதற்காகவே அரை மில்லிமீட்டருக்கும் மெல்லிய உலோகக் கூடு அடியில் இருக்கிறது. 900 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டில் சுடும்போது உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடு படலத்தைப் பீங்கான் பற்றிக்கொள்கிறது. படலம் தடித்துவிட்டால் பிடிப்பு தளர்ந்துவிடும். சூடு ஆறும்போது சாதாரணப் பீங்கான் உலோகத்தைவிட மிகக் குறைவாகச் சுருங்கும் என்பதால், லூசைட் என்னும் படிகம் அடங்கிய பீங்கானைப் பயன்படுத்தி இந்த வேறுபாட்டைக் குறைக்கிறார்கள். இதற்கு வழிவகுத்தவை வெய்ன்ஸ்டைன் குழுவினர் 1962இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமைகள். அப்போதும் உலோகம் இம்மியளவு கூடுதலாகச் சுருங்கும்படி விட்டுவைக்கிறார்கள் என்பதுதான் நான் மிகவும் மதிக்கும் நுட்பம், ஏனெனில் அந்தச் சுருக்கமே பீங்கானை எப்போதும் அழுத்தத்தில் இறுக்கிப் பிடித்திருக்கிறது.

ஏழாம் ஆண்டில், வறுத்த பட்டாணியைக் கடித்தபோது நாக்குப் பக்கத்து முனையில் அரிசிக் குருணை அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்தது. சொரசொரப்பான அந்த விளிம்பை நாக்கு நாள் முழுவதும் தடவிக்கொண்டே இருந்தது. உலோகம் வெளிப்பட்டிருக்கும் என்று அஞ்சிப் போனேன். மருத்துவர் கண்ணாடியில் காட்டியபோது தெரிந்ததோ மங்கிய வெண்பரப்பு மட்டும்தான். உலோகத்தின் கருமையை மறைக்க முதலில் பூசப்படும் பீங்கான் அடுக்கு அது. முறிவு பீங்கானுக்குள்ளேயே நிகழ்ந்ததே தவிர, உலோகத்தோடு உள்ள பிணைப்பு விடவில்லை என்று அவர் விளக்கினார். கேப்பைக் கழற்றாமல், மேல்பல்லைத் தேய்த்துவிடாதபடி விளிம்பை ரப்பர் முனையால் மழமழப்பாக்கியதோடு சரி.

குறை என்றால், ஈறு சற்று இறங்கியதால் கேப்பின் அடியில் தெரியும் சாம்பல் நிறக் கோடுதான். கடைவாயில் அது கண்ணில் படாது. முன்பல்லாக இருந்தால், உலோகக் கூடு இல்லாத வெண்ணிறப் பீங்கான் வகையான சிர்கோனியாவையே கேட்டிருப்பேன். கவரிங் நகை அணிந்தால் தோல் அரிக்கும் இயல்புடையவர்கள், நிக்கல் ஒவ்வாமை இருக்கக்கூடும் என்பதால், அளவெடுக்கும் முன்பே மருத்துவரிடம் அதைச் சொல்லி நிக்கல் இல்லாத உலோகத்தைக் கேட்டுப் பெறுவது அவசியம்.