ஏர் ஃபோர்க்கா, ஸ்பிரிங் ஃபோர்க்கா? சிங்கப்பூர் ஈரத்தில் எது தாங்கும்?

"பராமரிக்க நேரமில்லையா? ஸ்பிரிங் ஃபோர்க் வாங்கிக்கோ." மவுண்டன் பைக் ஓட்டப் புதிதாக வருபவர்களுக்கு நானும் பல வருடம் இதைத்தான் சொல்லிவந்தேன். ஃபோர்க் என்பது முன்சக்கரத்தைப் பிடித்து, குலுக்கலைத் தாங்கும் பாகம்; அதன் மேல்குழாய் கீழ்க்குழாய்க்குள் அமுங்கி எழும். அதைத் திரும்ப எழுப்புவது ஏர் ஃபோர்க்கில் அடைத்த காற்று, ஸ்பிரிங் ஃபோர்க்கில் சுருள். என் சித்தப்பா மகனின் ஃபோர்க்கைக் கழற்றிப் பார்த்த நாளோடு அந்தப் பேச்சை நிறுத்திவிட்டேன்.

நாங்கள் இருவரும் ஒரே தடங்களில்தான் ஓட்டுகிறோம். மாதம் இரண்டு ஞாயிறு சாங்கியில் படகேறி உபின் தீவின் கெத்தாம் பூங்காவுக்குப் போவோம். மற்ற வாரங்களில் செஸ்ட்நட் அல்லது புக்கிட் தீமா. என்னுடையது ஏர், அவனுடையது ஸ்பிரிங்.

ஓட்டும் சுகத்தில் உள்ள வேறுபாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்பிரிங் ஃபோர்க்கில் காற்றை அடைத்துவைக்கும் சீல்கள் இல்லை, உராய்வு குறைவு. புக்கிட் தீமாவின் வேர்கள்மேல் அது வெண்ணெய்போலப் போகும். ஏர் ஃபோர்க் எடை குறைவு. அமுங்க அமுங்க இறுகும், அதனால் பெரிய குதிப்பில் அடிவரை போய் முட்டுவது குறைவு. உடல் எடைக்கேற்ப மாற்ற, அதில் காற்றடிக்கும் ஒரு ஷாக் பம்ப் போதும். ஸ்பிரிங்கில் அதற்கு வேறு கடினத்தன்மையுள்ள சுருளையே வாங்கவேண்டும்.

நான் பார்ப்பது வேறு: எது எப்படிக் கெடுகிறது, கெட்டால் நமக்குத் தெரியவருகிறதா?

ஏர் ஃபோர்க் கெட்டால் உடனே சொல்லிவிடும். வாரா வாரம் காற்று குறைந்தால் முதலில் வால்வில் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். குமிழி வந்தால் வால்வுதான். வராவிட்டால் உள் சீல் தேய்ந்து, காற்று கீழ்க்குழாய்க்குள் இறங்குகிறது என்று சந்தேகிக்கலாம். பம்ப் சரியான எண்ணைக் காட்டியும் ஃபோர்க் தானாகக் குட்டையாகி நின்றால், ஃபோர்க் எளிதாக அமுங்க உதவும் எதிர் அறைக்குள் காற்று தேவைக்குமேல் புகுந்திருக்கிறது. முழுதாக அமுங்க மறுத்தால் அழுத்தம் அதிகம், உள்ளே டோக்கன் (காற்றறையின் இடத்தைக் குறைக்கும் துண்டு) அதிகம், அல்லது கீழ்க்குழாயில் காற்று சிக்கியிருக்கிறது. பம்பைக் கழற்றும்போது வரும் 'புஸ்' சத்தத்துக்குப் பயப்படவேண்டாம், அது பம்பின் குழாயில் இருந்த காற்று.

இன்னொன்று: குளிர்சாதன அறையில் 24 டிகிரியில் காற்றழுத்தம் 80 பிஎஸ்ஐ வைத்துவிட்டு, 33 டிகிரி வெயிலில் இறங்கினால் அது ஏறக்குறைய 83 ஆகிவிடும். ஃபோர்க் கொஞ்சம் இறுகியதுபோல இருக்கும். அதனால் நான் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே நின்றுதான் காற்று அடிக்கிறேன்.

ஸ்பிரிங் ஃபோர்க்கில் இந்தத் தொல்லை எதுவுமில்லை. இரண்டு வருடம் தொடாமல் விட்டாலும் உயரம் அப்படியே இருக்கும். ஆபத்தே அங்கேதான். ஏர், ஸ்பிரிங் இரண்டுக்கும் கீழ்க்குழாயில் மசகு எண்ணெய் வேண்டும். தூசி சீலுக்கு அடியில் இருக்கும் பஞ்சு வளையம் அந்த எண்ணெயில் ஊறியிருக்கவேண்டும். உபினும் புக்கிட் தீமாவும் கருங்கல் பூமி. அங்கே கல் சிதைந்து உண்டான மண்ணில் கூரான குவார்ட்ஸ் மணல் கலந்திருக்கிறது. அது ஈரத்தோடு சீலில் ஒட்டிக்கொண்டால் ஒவ்வொரு அமுக்கலிலும் மேல்குழாயை உரசும்.

தம்பியின் ஃபோர்க்கைத் திறந்தபோது எண்ணெய் ஒரு கரண்டிகூட வரவில்லை. வந்ததும் பால் கலந்த கோப்பி நிறத்தில் இருந்தது, தண்ணீர் புகுந்ததன் அடையாளம். பஞ்சு வளையம் களிமண்ணாகியிருந்தது. சுருளில் துரு. அதையெல்லாம் துடைத்துச் சரிசெய்யலாம். ஆனால் மேல்குழாயின் பின்பக்கம் விரல்நக அகலத்துக்குப் பூச்சு தேய்ந்து வெள்ளையாகத் தெரிந்தது. அதற்கு மருந்தில்லை, மேல் பாகத்தை அப்படியே மாற்றவேண்டும். எனக்கு மனசு கேட்கவில்லை. வாரா வாரம் அவனோடுதான் ஓட்டினேன், எனக்கும் தெரியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இறுகும் ஃபோர்க்குக்குக் கை பழகிவிடுகிறது.

ஆகவே, மறதிக்காரருக்கு நான் ஏர் ஃபோர்க்கையே சொல்வேன். காற்று இறங்கும் சாக்கிலாவது அதைக் கவனிப்பார். எண்ணெய் வற்றுவதைப் பம்ப் காட்டாதுதான். ஆனால் பம்பை மாட்டக் குனிகிறவர் மேல்குழாயையும் பார்ப்பார். ஓட்டி முடித்ததும் அதில் மெல்லிய எண்ணெய் வளையம் தெரிந்தால் நலம். காய்ந்திருந்தால் எண்ணெய் வற்றுகிறது, வழிந்தால் சீல் போய்விட்டது. முன் பிரேக்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டும்போது சீல் பக்கம் ஆட்டம் இருந்தால், இரு குழாய்க்கும் இடையிலுள்ள புஷ் வளையம் தேய்ந்திருக்கிறது. கைப்பிடிக்குக் கீழே ஆடினால் ஹெட்செட் (ஃபோர்க்கின் தண்டு ஃபிரேமில் திரும்பும் பேரிங்) தளர்ந்திருக்கிறது.

கீழ்க்குழாய் சர்வீஸுக்கு, ஃபோர்க் தயாரிக்கும் ராக்ஷாக்ஸ் நிறுவனம் சொல்வது 50 மணி நேரம். ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் ஓட்டினால் அரை வருடம். உபினுக்கு அடிக்கடி போவதால் நான் 40-லேயே திறந்துவிடுகிறேன். இதற்குக் கடை வேண்டாம், வீவக அடுக்குமாடி வீட்டின் சமையலறைக்குப் பின்னால் பழைய நாளிதழ் விரித்துச் செய்யலாம். ஏர் ஃபோர்க்கென்றால் அடி போல்ட்டைத் தொடுவதற்குமுன் காற்றை முழுதாக இறக்கிவிடுங்கள், இதில் விளையாட்டு வேண்டாம். எவ்வளவு எண்ணெய், எந்த எண்ணெய் என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். பழைய எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் புட்டியில் சேருங்கள். ஃபோர்க் துள்ளாமல் கட்டுப்படுத்தும் டாம்பரைத் திறப்பது வேறு வேலை. ஃபோர்க்கை அமுங்காமல் பூட்டும் லாக் பிடிக்காமல் போனாலோ, அமுங்கும்போது சளசளவென்று சத்தம் வந்தாலோ, அதைக் கடையில் கொடுத்துவிடுவேன்.

தம்பி மேல் பாகத்தை மாற்றினான், ஸ்பிரிங்கை மாற்றவில்லை. 95 கிலோ எடைக்கு அதன் மென்மைதான் பிடித்திருக்கிறதாம், அதில் எனக்குச் சண்டையில்லை. இப்போது ஃபிரேமின் அடியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, ஓட்டிய மணி நேரத்தை மார்க்கரில் எழுதிவருகிறான். போன ஞாயிறு படகில் ஏற்றும்போது பார்த்தேன்: 34.