ரீசார்ஜ் பேட்டரியா, தூக்கிப் போடும் பேட்டரியா?

இரண்டு வகையையும் வீட்டில் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்துவிட்டேன். பொம்மை கார், கேம் கன்ட்ரோலர், கேமரா ஃபிளாஷ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ரீசார்ஜ் பேட்டரி வாங்குங்கள். தூக்கிப் போடும் வகையான அல்கலைன் 1.5 வோல்ட், ரீசார்ஜ் வகையான நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு 1.2 வோல்ட்தான், அதனால் இது சக்தி குறைந்தது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் மின்சாரத்தை நிறைய இழுக்கும் பொருளில் அல்கலைனின் வோல்ட் மளமளவென இறங்கிவிடும், ரீசார்ஜ் செல் தீரப்போகும் வரை கிட்டத்தட்ட அதே 1.2-இல் நின்று ஓடும்.

முன்பெல்லாம் சார்ஜ் போட்டு வைத்தால் சும்மா இருக்கும்போதே இறங்கிப்போகும். 2005-இல் சான்யோ கொண்டுவந்த எனலூப் மாதிரியான செல்களில் அந்தத் தொல்லை இல்லை, ஒரு வருடம் டிராயரில் கிடந்தாலும் பெரும்பகுதி சார்ஜ் அப்படியே இருக்கும்.

சரி, சுவர்க் கடிகாரம், ரிமோட்? அதற்கு அல்கலைனே போதும். ஆனால் உள்ளே போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள். மாதக்கணக்கில் தொடாத என் டார்ச்சைத் திறந்தபோது ஸ்பிரிங் முழுக்க வெள்ளையாகப் பூத்திருந்தது, செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கசிந்த வேலை அது. பஞ்சில் வினிகர் தொட்டு மெதுவாகத்தான் துடைத்தேன், அரித்துப்போன ஸ்பிரிங் கையோடு வந்துவிட்டது. நல்ல டார்ச், இன்னும் மனசு ஆறவில்லை.

அப்புறம், சார்ஜரில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனித்து, நிறைந்ததும் தானே நிறுத்துகிற சார்ஜராகப் பார்த்து வாங்குங்கள். பழைய செல்லையும் புது செல்லையும் சேர்த்துப் போடவே கூடாது.