லண்டன் – பாரிஸ்: விமானமா, ரயிலா?

லண்டனுக்கும் பாரிஸுக்கும் நேர்கோட்டுத் தூரம் சுமார் 344 கிலோமீட்டர்தான். விமானத்தில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் இறங்கிவிடலாம். யூரோஸ்டார் ரயிலுக்கு இரண்டேகால் மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அப்போ விமானம்தானே வேகம்? அங்கேதான் கணக்கு இடிக்கிறது.

ஹீத்ரோ விமான நிலையம் லண்டனின் மேற்கு ஓரத்தில் இருக்கிறது. பாரிஸின் சார்ல் த கோல் நிலையமும் ஊருக்கு வெளியே, வடகிழக்கில் சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி. இரண்டு பக்கமும் போய்வரும் நேரம், பாதுகாப்புச் சோதனை, பெட்டிக்காகக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் நான்கைந்து மணி நேரம் சர்வசாதாரணமாக ஓடிவிடும்.

ரயிலோ லண்டனின் செயின்ட் பான்க்ராஸ் நிலையத்தில் கிளம்பி பாரிஸின் கார் து நோர் நிலையத்தில், அதாவது நகருக்குள்ளேயே, இறக்கிவிடுகிறது. பிரெஞ்சுக் குடியேற்றச் சோதனையை லண்டனிலேயே முடித்துவிடுவார்கள். இறங்கியதும் நேரே நடக்கலாம். வழியில் கடலுக்கு அடியில் போகும், 1994-இல் திறந்த 50 கிலோமீட்டர் சுரங்கம். அதற்குள் பார்க்க ஒன்றுமில்லை, வெறும் இருட்டு!

டிக்கெட் கடைசி நேரத்தில் என்றால் ரயில் கையைக் கடித்துவிடும். பாரிஸில் இறங்கி வேறு விமானம் பிடிப்பவருக்கு மட்டும் விமானமே சரி. மற்றபடி என் ஓட்டு ரயிலுக்குத்தான். அப்புறம், பாரிஸ் கடிகாரம் 1 மணி நேரம் முன்னால் ஓடும். எதில் போனாலும் அந்த ஒரு மணி நேரம் கையைவிட்டுப் போய்விடும்.