கழற்றிப் பூட்டும் படகுக்கு ஆர்டர் கொடுக்கிறவர்கள் பெயின்ட் அடிக்கும் முன் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்

காரின் கூரையில் ஏற்றிக்கொண்டு போகிற மாதிரி, இரண்டு துண்டாகக் கழற்றிப் பூட்டும் சின்னப் படகு செய்து தருகிறோம் என்று விளம்பரம் போடும் ஒரு பட்டறையிடம் 48,000 ரூபாய் கொடுத்துவிட்டு நிற்கிறேன். விவகாரம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகிறது, அதனால் பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. இந்த மாதிரி வேலையில் எங்கெங்கே கை வைப்பார்கள் என்று தெரிந்தால், யாரிடம் செய்யக் கொடுத்தாலும் உங்களால் பிடித்துவிட முடியும்.

எனக்குத் தேவைப்பட்டது பெரிய விஷயமில்லை. வீடு தாம்பரத்தில் ஒரு அபார்ட்மென்ட். கார் நிறுத்தவே இடம் அளந்துதான் கொடுத்திருக்கிறார்கள், முழுப் படகை எங்கே வைப்பது? மாமா வீடு பரங்கிப்பேட்டையில். வெள்ளாற்று முகத்துவாரத்துக்கு உள்ளே, அலை அடிக்காத உப்பங்கழியில் இரண்டு பேர் துடுப்புப் போட்டுப் போய்த் தூண்டில் போட ஒரு பத்தடிப் படகு போதும். பின்பாதிக்குள் முன்பாதி உட்கார வேண்டும். அப்படி உட்கார்ந்தால் மொத்த நீளம் ஐந்தரை, ஆறு அடிதான் வரும். பால்கனியில் நிறுத்தி வைக்கலாம். ஒவ்வொரு பாதியையும் ஒரே ஆள் தூக்கிக் கேரியரில் வைக்க முடிய வேண்டும். இவ்வளவுதான் கேட்டது.

இது என் கற்பனை இல்லை. கட்டுமரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், கரைக்கு வந்ததும் கயிற்றை அவிழ்த்துக் கட்டைகளைப் பிரித்துக் காயப்போடுவார்கள், மறுபடி கடலுக்குப் போகும்போது சேர்த்துக் கட்டுவார்கள். பிளைவுட் பலகைகளைச் செம்புக் கம்பியால் தைத்து, உள்பக்கம் ஃபைபர் நாடா ஒட்டி, வீட்டிலேயே படகு செய்யும் முறையும் பழையது. 1960களில் இங்கிலாந்தில் மிரர் என்ற சின்னப் பாய்மரப் படகு இப்படித்தான் பரவியது. கயிற்றால் பலகை தைத்த மசூலா படகுகள் ஓடிய கடற்கரை நம்முடையது, இதில் நாம் அசந்துபோக ஒன்றும் இல்லை. ஒழுங்காகச் செய்யத் தெரிந்தவர் வேண்டும், அவ்வளவுதான்.

ஒழுங்காகச் செய்வது எப்படி என்றால், முதலில் முழுப் படகாகவே கட்டுவார்கள். நடுவில் இரண்டு குறுக்குத் தடுப்புகளை அருகருகே, சில மில்லிமீட்டர் இடைவெளி விட்டு நிறுத்துவார்கள். இரண்டையும் சேர்த்துப் பிடித்து போல்ட் ஓட்டைகளை ஒரே தடவையில் துளைப்பார்கள். படகு முழுதாகக் காய்ந்து நின்ற பிறகு, அந்த இடைவெளி வழியாக ரம்பம் போட்டு இரண்டாக அறுப்பார்கள். ஒரே உடம்பை அறுத்ததால் இரண்டு பாதியும் மறுபடி அச்சாகப் பொருந்தும். இரண்டு தடுப்புகளுக்கு நடுவே தண்ணீர் நுழைந்தாலும் கவலையில்லை, இரு பாதிகளும் தனித்தனியாக மூடிய பெட்டிகள், தனித்தனியாகவே மிதக்கும்.

என் பட்டறைக்காரர் இரண்டு பாதியையும் தனித்தனியாகச் செய்திருக்கிறார். கடைசியில் சேர்த்துப் பார்த்திருக்கிறார், ஓட்டைகள் நேராக வரவில்லை. உடனே டிரில்லைச் சாய்த்து ஓட்டையைப் பெரிதாக்கிவிட்டார். 8 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு விரல் நுனி நுழைகிற முட்டை வடிவ ஓட்டை. அதை மறைக்க சிலிக்கான் பசையை வழித்து அடைத்து, மேலே பச்சைப் பெயின்ட். டெலிவரி எடுக்கும்போது படகு பூட்டிய நிலையில் பளபளவென்று இருந்தது. வீட்டில் கழற்றியபோது பசை பிய்ந்துகொண்டு வந்தது. போன் செய்து கேட்டேன். "ஒவ்வொரு வாட்டி பூட்டும்போதும் புதுசா சிலிக்கான் போட்டுக்குங்க சார், ஒரு டியூப் முந்நூறு ரூபாதான்" என்றார். சிலிக்கான் காய்வதற்கு ஒரு நாள் கரையிலேயே காத்திருக்க வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை.

அடுத்தது எடை. மொத்தம் 36 கிலோ என்று வாட்ஸ்அப்பில் எழுத்தில் இருக்கிறது. பழைய பேப்பர்க்காரரின் தராசில் வைத்துப் பார்த்ததில் 58. என் காரின் கையேட்டில் கூரைக்கு 50 கிலோதான், அதிலும் கேரியரின் எடை அடக்கம். இவ்வளவு எடை எங்கிருந்து வந்தது என்று பிறகு புரிந்தது. 6 மில்லிமீட்டர் பிளைவுட் எட்டுக்கு நாலு ஷீட் ஒன்று சுமார் 11 கிலோ. இந்த அளவுப் படகுக்கு மூன்று ஷீட் தாராளம். கண்ணாடி இழையில் நெய்த துணியும் எப்பாக்சி என்ற பிசினும் போட்டிருந்தால் சொன்ன எடைக்குப் பக்கத்திலாவது வந்திருக்கும். இவர்கள் உள்ளும் வெளியும் மேட் (நெய்யாத கண்ணாடி இழைப் பாய்) ஒட்டி, பாலியஸ்டர் ரெசின் என்ற வேறு வகைப் பிசினை ஊற்றியிருக்கிறார்கள். மேட் தன் எடையைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ரெசின் குடிக்கும். மேடு பள்ளத்தை மறைக்க அதன் மேல் கையளவு புட்டி வேறு.

முன்பாதி பின்பாதிக்குள் உட்காரவும் இல்லை. பின்பாதியின் நடு இருக்கையைக் கழற்றும்படி செய்ய வேண்டும் என்று வரைபடத்திலேயே இருக்கிறது. அதை ஃபைபர் வைத்து நிரந்தரமாக ஒட்டிவிட்டார்கள். "ஸ்ட்ராங்கா இருக்கட்டும்னு போட்டோம்" என்றார்.

இதற்குப் பிறகும் தண்ணீரில் இறக்கிப் பார்த்துவிடுவோம் என்று மாமாவின் டெம்போவில் பரங்கிப்பேட்டைக்கு ஏற்றிப் போனோம். நானும் மச்சானும் லைஃப் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, கரையிலிருந்து கல்லெறி தூரம் தாண்டாமல் துடுப்புப் போட்டோம். இரண்டு பேரின் எடையும் நடுவில். எடை நடுவில் இருந்தால் படகு கீழே தொய்யப் பார்க்கும், அப்போது அடிப்பக்கத்து இணைப்பு திறக்கப் பார்க்கும். அதனால் கீழ்வரிசை போல்ட்டுகள்தான் முழு இழுப்பையும் தாங்க வேண்டும். அங்கே தடிமனான பலகைத் துண்டு வைத்து, அகலமான வாஷர் போட்டு, ரப்பர் வளையத்தோடு முறுக்கியிருக்க வேண்டும். இவர்கள் வெறும் 6 மில்லிமீட்டர் பிளைவுட்டில், அரை ரூபாய் அகலத்துக்கு ஒரு வாஷர் வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் மச்சானின் காலடியில் ஈரம். அப்புறம் இரண்டு பாதியிலும் தண்ணீர் ஏறியது, அந்தப் பெரிய ஓட்டைகள் வழியாக. கரை பக்கத்திலேயே இருந்ததால் இறங்கி இழுத்துக்கொண்டு வந்துவிட்டோம்.

கரையில் ஃபைபர் படகு ரிப்பேர் செய்யும் ஒரு பாய் வேலையாக இருந்தார். கழற்றிப் போட்டதும் கிட்டே வந்து குனிந்து பார்த்தார். கீழ் வாஷர்கள் பிளைவுட்டுக்குள் புதைந்திருந்தன. ஓட்டையைச் சுற்றிப் பெயின்ட் வட்டமாக வெடித்து, உள்ளே மரம் கறுத்து, ஊறிய அட்டைப்பெட்டி மாதிரி ஏடு ஏடாக எழும்பியிருந்தது. போல்ட் எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், என்று பில்லில் போட்டிருக்கிறார்கள். பாய் ஸ்பீக்கரிலிருந்து கழற்றி வைத்திருந்த காந்தத்தை நீட்டினார், டக்கென்று ஒட்டிக்கொண்டது. இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு. நல்ல எஸ்.எஸ். போல்ட்டிலும் லேசாக ஈர்ப்பு தெரியலாம், ஆனால் இப்படித் தாவி ஒட்டாது.

பிறகு அவர் முன்பாதியின் மூக்கைத் தட்டினார். முட்டிக்கொண்டாலும் முழுகாமல் இருக்க அங்கே தெர்மாகோல் நிரப்பி மூடியிருப்பதாகச் சொல்லித்தான் கூடுதலாக 3,000 ரூபாய் வாங்கினார்கள்.

"தம்பி, உள்ள ஒண்ணுமில்ல போல. அறுக்கவா?"

"அறுங்க பாய்."

மூடியை அறுத்துத் திறந்தால், அடியில் பழுப்பு நிறத்தில் கெட்டிப்பட்ட ஒரு பிசின். மேலே எல்லாம் வெற்றிடம். தெர்மாகோல் போட்டது உண்மைதான், ஆனால் அதன் மேல் பாலியஸ்டர் ரெசினை ஊற்றியிருக்கிறார்கள். அந்த ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் தெர்மாகோலைக் கரைத்துவிடும். ஃபைபர் வேலை செய்கிற எந்தப் பையனுக்கும் இது தெரியும் என்றார் பாய். ஊற்றும்போதே கரைந்து உள்ளே போயிருக்கும், பார்த்துக்கொண்டேதான் மூடியிருக்கிறார்கள். மற்றதையெல்லாம் அரைகுறை வேலை என்று விட்டுவிடலாம், இதை என்னால் விட முடியாது. அந்தப் பெட்டியை நம்பித்தான் ஒருவர் தன் பிள்ளையைப் படகில் ஏற்றுவார்.

அறுத்த துண்டில் ஒன்றை வீட்டுக்கு எடுத்துவந்து பாத்திரத்தில் போட்டுக் கொதிக்கவைத்தேன். மரைன் பிளை, ஐ.எஸ். 710 (படகுக்கான பிளைவுட்டின் இந்தியத் தர எண்) என்று பில் சொல்கிறது. அந்தத் தரப் பிளைவுட் 72 மணி நேரம் கொதித்தாலும் ஏடு பிரியக் கூடாது. இது சாயங்காலத்துக்குள் பிரிந்துவிட்டது. இன்னொரு துண்டை ஈரம் படாமல் கவரில் ஒட்டி, தேதி எழுதி வைத்திருக்கிறேன். தேவைப்பட்டால் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பரிசோதிக்கச் சொல்ல ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு.

படங்களையும் வீடியோவையும் பட்டறைக்கு அனுப்பியதற்கு முதல் பதில்: "மரம்னா தண்ணி குடிக்கத்தான் சார் செய்யும்." இரண்டாவது, நாங்கள் சரியாக முறுக்கவில்லை என்று. மூன்றாவதாக என் நம்பரை பிளாக் செய்துவிட்டார். ஆரம்பத்தில் "நாங்க செஞ்சது சார்" என்று அவர் அனுப்பிய படத்தைக் கூகுளில் தேடிப் பார்த்தேன். அமெரிக்காவில், வாங்குபவரே சேர்த்துக்கொள்ளும் ‘கிட்’ ஆக விற்கும் ஒரு படகின் படம் அது.

ஆர்டர் கொடுக்கும் யோசனையில் இருந்தால் பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். நடுத் தவணை, படகு இன்னும் ஒரே துண்டாக, பெயின்டும் புட்டியும் ஏறாமல் நிற்கும்போது நீங்கள் நேரில் பார்த்த பிறகுதான். பிளைவுட் ஷீட்டின் மேல் உள்ள முத்திரையை வெட்டுவதற்கு முன் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். எப்பாக்சியா பாலியஸ்டரா என்று வாயால் கேட்காதீர்கள், டப்பாவைப் பாருங்கள். பாலியஸ்டர் என்றால் பட்டறைக்குள் நுழையும்போதே நெடி மூக்கில் ஏறும். கடைசித் தவணைக்கு முன் தராசில் வைக்கச் சொல்லுங்கள், அங்கேயே கழற்றி, ஒன்றுக்குள் ஒன்றை வைத்து, மறுபடி பூட்டிக் காட்டச் சொல்லுங்கள். பசை இல்லாமல்.

ஏற்கெனவே மாட்டியவர்களுக்கு: 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். அதில் நகரவில்லை என்றால் மாவட்ட ஆணையம். கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், வக்கீல் கட்டாயமில்லை. வாட்ஸ்அப் உரையாடலை முழுதாக ஏற்றுமதி செய்து வையுங்கள், அவர்கள் மெசேஜை அழிக்க ஆரம்பிப்பதற்குள். நான் நோட்டீஸ் அனுப்பியாகிவிட்டது.

பட்டறையின் விளம்பரம் இன்னும் ஓடுகிறது, இப்போது அமெரிக்கப் படத்துக்குப் பதில் என் படகையே போட்டிருக்கிறார்கள். பச்சை நிறம், பக்கவாட்டில் மஞ்சள் கோடு. அந்தப் படம் உங்களுக்கு வந்தால், இணைப்பைக் கழற்றி, கீழ் ஓட்டைகளைக் கிட்டத்தில் எடுத்த ஒரு படம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.