அம்மாவின் கண், மாமாவின் கண்

போன வருஷம் எங்கள் வீட்டில் இரண்டு பேருக்குக் கண்புரை ஆபரேஷன். ஆடியில் அம்மாவுக்கு, ஐப்பசியில் அம்மாவின் தம்பிக்கு. அம்மாவுக்குக் கையால் செய்து சாதாரண லென்ஸ் வைத்தார்கள். மாமாவுக்கு ஃபேகோ மெஷினில் செய்து, தூரத்துக்கும் கிட்டத்துக்கும் சேர்த்து உதவும் மல்டிஃபோக்கல் லென்ஸ் வைத்தார்கள். மாமா கட்டிய பில்லில் அம்மாவைப் போல ஏழெட்டுப் பேருக்குச் செய்திருக்கலாம். இன்றைக்கு அம்மா பேப்பர் படிக்கக் கண்ணாடியைத் தேடுகிறார், மற்றபடி குறை இல்லை. மாமா கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கிறார், ஆனால் பொழுது சாய்ந்தால் கார் சாவியை என்னிடம் நீட்டிவிடுகிறார்.

இரண்டு ஆபரேஷனுக்கும் கூடப் போனவன் நான். டாக்டர் பார்த்து முடித்ததும் கவுன்சிலிங் அறைக்கு அனுப்புவார்கள். மேஜையில் லேமினேட் செய்த அட்டை ஒன்று இருக்கும். இடப்பக்கம் மலிவு, வலப்பக்கம் போகப் போக விலை ஏறும். ஹோட்டல் மெனு மாதிரிதான். "உங்க பட்ஜெட் எவ்வளவு சார்?" என்றுதான் பேச்சே ஆரம்பிக்கும். "ஐயா ராத்திரி வண்டி ஓட்டுவாரா? அம்மா வீட்ல என்ன வேலை பாக்குறாங்க?" என்று அந்த அறையில் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை. அட்டையில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதை அந்தக் கேள்விகள்தான் முடிவு செய்ய வேண்டும்.

கையா, மெஷினா

கண்ணுக்குள் இருக்கும் இயற்கையான லென்ஸ் வயதாக ஆகக் கலங்கிப் போவதுதான் புரை. சர்க்கரை உள்ளவர்களுக்கும், ஸ்டீராய்டு மருந்தை ரொம்ப நாள் எடுத்தவர்களுக்கும் இது முன்னாலேயே வரும். சொட்டு மருந்து விட்டுக் கரைக்கலாம் என்று விளம்பரம் வருகிறது. அப்படிக் கரைக்கிற மருந்து எதுவும் இன்று வரை நிரூபிக்கப்படவில்லை. கலங்கினதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செயற்கை லென்ஸ் வைப்பது ஒன்றே வழி.

கையால் செய்வதை ஆஸ்பத்திரிக்குள் 'சிக்ஸ்' (SICS) என்பார்கள், நோயாளிகள் 'சாதா ஆபரேஷன்' என்பார்கள். வெள்ளை விழியில் ஆறு, ஆறரை மில்லிமீட்டர் அளவுக்குச் சாய்வாகச் சுரங்கம் போல ஒரு வழி போட்டு, புரையை முழுசாக வெளியே எடுப்பார்கள். சுரங்கமாக இருப்பதால் உள்ளேயிருக்கும் அழுத்தமே கதவைச் சாத்துகிற மாதிரி மூடிக்கொள்ளும், பொதுவாகத் தையல் தேவைப்படாது. கண்ணைச் சுற்றி மரத்துப்போக ஊசி போடுவார்கள். ஒரு வாரம் கண் சிவந்திருக்கும்.

ஃபேகோவில் வாசல் இரண்டே கால் முதல் மூன்று மில்லிமீட்டருக்குள். அதன் வழியாகப் பேனா முள் போன்ற ஒரு கருவி உள்ளே போய், நொடிக்குச் சுமார் 40,000 முறை அதிர்ந்து புரையைத் தூளாக்கி உறிஞ்சிவிடும். பல் டாக்டரின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது அவர் கறை சுரண்டும் அதிர்வுக் கருவியைப் பார்த்துத்தான் சார்லஸ் கெல்மன் என்ற அமெரிக்கர் இதை 1967-ல் கொண்டுவந்தார். லென்ஸைச் சுருட்டி உள்ளே அனுப்பினால் அது தானே விரியும். பெரும்பாலும் ஊசியே வேண்டாம், மரத்துப்போகும் சொட்டு மருந்து போதும். மறுநாளே கண் தெளிவாக இருக்கும். சிறு வாசல் என்பதால் கருவிழியின் வளைவு அதிகம் மாறாது, அதனால் அஸ்டிக்மாடிசம் என்கிற, கண்ணாடிச் சீட்டில் 'சிலிண்டர்' என்று எழுதும் பார்வைக் கோளாறு குறைவு.

இதுவரை படித்தால் ஃபேகோதான் ஒரே பதில் என்று தோன்றும். அங்கேதான் அம்மாவின் கதை வருகிறது. "புரை முத்தட்டும், அப்புறம் போகலாம்" என்று தெருவில் நாலு பேர் சொன்னதைக் கேட்டு அம்மா மூன்று வருஷம் தள்ளிப்போட்டார். அது தையல் போட்டு ஆபரேஷன் செய்த அந்தக் காலத்துப் பேச்சு. இப்போது முத்த வேண்டிய அவசியமே இல்லை, முத்தினால் சிக்கல்தான். அம்மாவின் புரை பழுப்பேறி, டாக்டர் சொன்ன மாதிரி "கருப்பட்டி கணக்கா" கெட்டியாகியிருந்தது. கெட்டிப் புரையை மெஷினில் உடைக்க அதிர்வுச் சக்தி கூடுதலாக வேண்டும். அந்தச் சூட்டிலும் அதிர்விலும் கருவிழியின் உட்பக்கத்து செல்கள் சேதமாகும். அந்த செல்கள் போனால் போனதுதான், மறுபடி வளராது. முழுசாக எடுத்துவிடுகிற கை ஆபரேஷன் அப்படிப்பட்ட கண்ணுக்கு நல்லது. "மெஷின் இல்லாததால கையால பண்றதா நினைக்காதீங்க. இந்தக் கண்ணுக்கு இதுதான் சரி" என்று டாக்டரே சொன்னார்.

நேபாளத்தில் புரை நோயாளிகள் 108 பேரைச் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி இரண்டாகப் பிரித்து, இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அந்த நாட்டுக் கண் டாக்டர் சந்துக் ரூயித்தும் சகாக்களும் செய்த அந்த ஆய்வு 2007-ல் வெளிவந்தது. ஆறு மாதம் கழித்துக் கண்ணாடி இல்லாமல் 6/18 (நல்ல கண்ணுக்கு 18 மீட்டரில் தெரிவது 6 மீட்டரில் தெரிவது) அல்லது அதைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் கை ஆபரேஷனில் 89 சதவீதம், ஃபேகோவில் 85 சதவீதம். கண்ணாடி போட்டுப் பார்த்தால் இரண்டிலும் 98 சதவீதம். ஒரு கண்ணுக்கு ஆன நேரம் கையால் 9 நிமிஷம், மெஷினில் 15 நிமிஷத்துக்குச் சற்று மேல். அங்கே வந்தவர்களில் முத்திய புரைக்காரர்கள் நிறைய என்பதையும் சேர்த்துத்தான் இதைப் பார்க்க வேண்டும்.

ஆக, என் கணக்கு இது. புரை இளசாக இருந்து, கையில் காசோ காப்பீடோ இருந்தால் ஃபேகோ போங்கள், சீக்கிரம் வேலைக்குத் திரும்பலாம். முத்திவிட்டதா, கருவிழி பலவீனம் என்று சொல்கிறார்களா, "கையால செய்யலாமா?" என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். அதில் கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை. தினமும் பத்து, இருபது என்று செய்து பழகிய கை எந்த மெஷினைவிடவும் முக்கியம்.

ஆண்களுக்கு ஒரு விஷயம், பாதிப் பேர் சொல்லாமல் விடுவது. புராஸ்டேட் வீக்கத்துக்கு டாம்சுலோசின் மாத்திரை எடுக்கிறவர்கள், எப்போதோ எடுத்து நிறுத்தினவர்களும்கூட, கண் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அந்த மாத்திரையால் ஆபரேஷன் நடுவே கண்ணின் பாப்பா சுருங்கி, அதைச் சுற்றியிருக்கும் கருந்திரை தொளதொளவென்று ஆடும். தெரிந்தால் அதற்கு ஏற்பாடு செய்துகொள்வார்கள். "அது சிறுநீர் மாத்திரைதானே, கண்ணுக்கு என்ன சம்பந்தம்?" என்று மாமா சொல்லாமல் இருந்தார். அக்கா முன்னால் அதைச் சொல்லக் கூச்சம் வேறு. மருந்துச் சீட்டைப் பார்த்து நான்தான் சொன்னேன்.

'லேசர்ல பண்ணிடலாம்'

ஊரில் மெஷின் ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் 'லேசர்' என்றே பெயர். ஃபேகோவில் லேசர் கிடையாது, அது ஒலி அதிர்வு. நிஜமாகவே லேசர் சேர்த்துச் செய்வதும் உண்டு, ஃபெம்டோ என்பார்கள். வாசல் வெட்டுவதையும் புரையைத் துண்டு போடுவதையும் லேசர் செய்யும், மிச்சத்தைப் பழையபடி ஃபேகோதான் முடிக்க வேண்டும். அட்டையில் வலது ஓரத்தில் நிற்பது இதுதான். பிரான்ஸில் ஐந்து பெரிய ஆஸ்பத்திரிகளில் செய்து, 2020-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, சாதாரண ஃபேகோவைவிட இதில் கூடுதல் பலன் இல்லை என்று சொல்லிவிட்டது. இதற்கு மேல் இதில் நேரம் செலவழிக்க நான் தயாரில்லை.

லேசருக்கு உண்மையான வேலை பின்னால்தான் வரும். ஆபரேஷன் முடிந்து சில மாதமோ வருஷமோ கழித்து, லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் மெல்லிய பை சிலருக்கு மங்கும். "புரை திரும்ப வந்துடுச்சு" என்று பயப்படுவார்கள். புரை திரும்ப வராது. யாக் லேசரால் அந்தப் பையில் ஒரு ஓட்டை போட்டால் சரியாகிவிடும். ஊசி இல்லை, கட்டு இல்லை, சில நிமிஷ வேலை.

உள்ளே எந்த லென்ஸ்

இரண்டாம் உலகப் போரில் விமானிகளின் கண்ணில் விமானக் கூரையின் பிளாஸ்டிக் சில்லு தைத்தும் கண் அதை எதிர்க்காமல் இருந்ததைக் கவனித்து, ஹரால்ட் ரிட்லி 1949-ல் லண்டனில் முதல் செயற்கை லென்ஸை வைத்தார். ரொம்ப காலம் அது நம் ஊர்ச் சனங்களுக்கு எட்டாத விலையில் இருந்தது. 1976-ல் பதினோரு படுக்கையோடு டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் தொடங்கிய அரவிந்த் கண் ஆஸ்பத்திரி, 1992-ல் ஆரோலேப் என்று தனியாக ஒரு தொழிற்சாலை வைத்து லென்ஸை இங்கேயே செய்ய ஆரம்பித்த பிறகுதான் விலை மளமளவென்று இறங்கியது. அங்கே செய்த லென்ஸ் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. ஆகவே, கவுன்சிலிங் அறையில் "இது ஃபாரின் லென்ஸ் சார்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் மயங்க வேண்டாம்.

மோனோஃபோக்கல் என்றால் ஒரே தூரத்துக்குத் தெளிவு. வழக்கமாகத் தூரப் பார்வைக்கு வைப்பார்கள். பஸ் போர்டு தெரியும், டிவி தெரியும், வாசலில் யார் நிற்கிறார்கள் என்று தெரியும். பேப்பர் படிக்க, அரிசியில் கல் பொறுக்க, மாத்திரை அட்டையில் பெயர் பார்க்கக் கண்ணாடி வேண்டும். நாற்பதைத் தாண்டியதிலிருந்து சாளேஸ்வரக் கண்ணாடியோடு குடித்தனம் செய்கிறவர்களுக்கு இது பெரிய இழப்பு இல்லை. பார்வையின் தரம் இதில்தான் அதிகம், இருட்டிலும் சரி, மங்கலிலும் சரி.

மல்டிஃபோக்கலில் லென்ஸின் மேல் வட்ட வட்டமாக வரிகள் இருக்கும். உள்ளே வரும் வெளிச்சத்தை அது தூரத்துக்கும் கிட்டத்துக்கும் பங்கு போட்டுக் கொடுக்கும். பங்கு போட்டால் ஒவ்வொருவருக்கும் குறையத்தானே செய்யும். சாம்பல் நிறப் படிக்கட்டின் விளிம்பு முன்பு போலப் பளிச்சென்று பிரியாது. ராத்திரியில் எதிரே வரும் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரியும். பலருக்குச் சில மாதத்தில் மூளை பழகிவிடும், சிலருக்குப் பழகாது. மாமா இரண்டாம் வகை. ரிங் ரோட்டில் ஒரு லாரி எதிரே வந்தபோது, "ரெண்டு விளக்கையும் சுத்தி கோலம் போட்ட மாதிரி இருக்குடா, வண்டி எந்தப் பக்கம் வருதுன்னே தெரியல" என்று ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்த மனுஷன், ஓய்வுக்குப் பிறகும் ராத்திரி ஏர்போர்ட் சவாரி போய்க்கொண்டிருந்தவர். "லென்ஸை மாத்திடலாமா?" என்று கேட்டோம். முடியும், ஆனால் மறுபடி ஒரு ஆபரேஷன், முதலாவதைவிடச் சிரமமானது என்றார்கள். கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன் என்று இருக்கிறார்.

அதே லென்ஸ் எங்கள் பக்கத்து வீட்டு ஓய்வு பெற்ற டீச்சருக்கு வைத்தது. ராத்திரி எங்கும் போகமாட்டார், பகலெல்லாம் புத்தகமும் செல்போனும்தான். "கண்ணாடி தொலஞ்ச கவலையே இல்ல" என்று சந்தோஷமாக இருக்கிறார்.

சர்க்கரையால் விழித்திரை பாதித்தவர்கள், கண் அழுத்த நோய் உள்ளவர்கள், விழித்திரையின் நடுப்பகுதியான மாக்குலா தேய்ந்தவர்கள் மல்டிஃபோக்கல் பக்கம் போகாமலிருப்பதே நல்லது. ஏற்கனவே வலுக் குறைந்த விழித்திரைக்கு வெளிச்சத்தையும் பங்கு போட்டு அனுப்பினால் அது என்ன செய்யும்? லென்ஸைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் விழித்திரையை ஸ்கேன் செய்யச் சொல்லிக் கேளுங்கள். அஸ்டிக்மாடிசத்தைச் சரிசெய்கிற டோரிக் லென்ஸ் வேறு சங்கதி. கண்ணாடிச் சீட்டில் 'சிலிண்டர்' என்ற கட்டத்தில் பெரிய எண் இருப்பவர்களுக்கு அது உண்மையாகவே உதவும், அந்தப் பணம் வீண் இல்லை. உள்ளே போய்த் திரும்பிக்கொண்டால் மட்டும் பிரச்சினை. முப்பது டிகிரி திரும்பினால் அந்த லென்ஸால் கிடைக்கும் பலன் சுத்தமாகப் போய்விடும்.

அட்டையில் இல்லாத ஒரு வழியும் இருக்கிறது. அதே மலிவு மோனோஃபோக்கலைக் கிட்டத்துப் பார்வைக்கு வைக்கச் சொல்லலாம். தூரத்துக்குத்தான் அப்போது கண்ணாடி. பூக்கட்டுகிறவர், தறிக்காரர், நகை வேலை பார்க்கிறவர், நாள் முழுக்கக் கையெட்டும் தூரத்திலேயே வாழ்கிறவர்களுக்கு இது எவ்வளவு வசதி! லென்ஸ் அதே லென்ஸ், பவர் கணக்கு மட்டும் வேறு. இதற்காகக் கூடுதல் விலை இல்லாததாலோ என்னவோ, நாமாகக் கேட்டால் ஒழிய யாரும் இதை எடுத்துச் சொல்வதில்லை.

அம்மா ஜாக்கெட் தைக்கிறவர். முதல் கண்ணின்போது எனக்கு இது தெரியாது, தூரத்துக்கு வைத்துவிட்டார்கள். தை மாதம் அடுத்த கண். போன வாரம் டாக்டரிடம் கேட்டேன். "ஒண்ணு தூரம், ஒண்ணு கிட்ட வைக்கலாம். ஆனா ரெண்டுக்கும் ரொம்ப வித்தியாசம் இருந்தா சிலருக்குத் தலை சுத்தும். கொஞ்சமா வைக்கலாம், மொதல்ல கண்ணாடி போட்டு டெஸ்ட் பண்ணிப் பாப்போம்" என்றவர், "அம்மா தைக்கும்போது கண்ணுக்கும் ஊசிக்கும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மாவை மெஷினில் உட்கார வைத்து, அவருடைய இன்ச் டேப்பாலேயே அளந்தேன். கன்னத்தில் டேப் பட்டதும் சிரித்து இரண்டு தரம் அசைந்துவிட்டார். மூன்றாவது தரம் சரியாக வந்தது. பதினெட்டு அங்குலம். பில் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்.