மத்திய தரைக்கடல் காய்ச்சலுக்குக் கோல்ச்சிசின்: ஒரு நோயாளியின் மதிப்புரை

கோல்ச்சிசின் 0.5 மில்லிகிராம் மாத்திரையைக் கேட்டால், யூரிக் அமிலம் கூடிக் கால் கட்டைவிரல் வீங்கும் கவுட் நோய்க்குத்தான் வாங்குகிறோம் என்று மருந்துக் கடைக்காரர் எண்ணிக்கொள்கிறார். நான் அதை உட்கொள்வது குடும்பவழி மத்திய தரைக்கடல் காய்ச்சல் என்னும் பரம்பரை அழற்சி நோய்க்கு. துருக்கியர், ஆர்மேனியர், அரபியர், யூதர் ஆகியோரிடையே கூடுதலாகவும் நம் நாட்டில் மிக அரிதாகவும் காணப்படும் இந்நோய்க்கு முதலில் கொடுக்கப்படும் மருந்து இதுவே என்பதால், அந்தப் பயன்பாட்டை மட்டும் வைத்தே மதிப்பிடுகிறேன்.

கிருமித் தொற்று ஏதுமின்றித் திடீரெனக் காய்ச்சல் ஏறும். வயிற்றின் உட்சவ்வு அழன்று, குடல்வால் அழற்சியோ என்று மருத்துவரே ஐயுறும் அளவுக்கு வலிக்கும். பிறகு ஒன்று முதல் மூன்று நாட்களில் தானாகவே தணிந்துவிடும். இதற்குக் காரணமான எம்.இ.எஃப்.வி. மரபணுவை 1997இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. அம்மரபணு உருவாக்கும் பைரின் என்ற புரதம் வெள்ளையணுக்களுக்குள் இருக்கிறது. சில பாக்டீரியாக்களின் நச்சு ரோ-ஏ என்ற மற்றொரு புரதத்தை முடக்கும்போது, பைரின் விழித்துக்கொண்டு, இன்டர்லூக்கின்-1 பீட்டா என்னும் அழற்சித் தூதுப்பொருளை வெளியேற வைக்கிறது. மற்ற நேரங்களில், ரோ-ஏ வழியாகச் சேரும் பாஸ்பேட்டுகள் பைரினைப் பூட்டி வைத்திருக்கும். எங்களிடம் அந்தப் பூட்டு தளர்ந்திருப்பதால், தொற்றே இல்லாமல் நோய் எதிர்ப்பு அமைப்பு கிளம்பிவிடுகிறது. (இதே மாற்றங்கள் பிளேக் கிருமிக்கு எதிராக முன்னோரைக் காத்திருக்கலாம் என்று 2020இல் ஓர் ஆய்வு வெளியானது. எனக்கு அதனால் ஆறுதல் ஒன்றுமில்லை.)

கோல்ச்சிசினின் சிறப்பு, அது வலியை மரக்கச் செய்யாமல் நேரே இந்த இடத்துக்கு வருவதுதான். உயிரணுவின் நுண்குழல்களை அது கலைக்கும்போது விடுபடும் ஒரு புரதம் ரோ-ஏவைத் தூண்டுகிறது; அதன் வழியே பைரின் மீண்டும் அடங்குகிறது. பாஸ்டனைச் சேர்ந்த மருத்துவர் ஸ்டீபன் கோல்டுஃபிங்கர் 1972இல் இம்மருந்தின் பயனை ஒரு கடிதமாக வெளியிட்டபோது, இந்த வழிமுறை எவருக்கும் தெரியாது. எனக்கு நோய் அறவே நிற்கவில்லை. ஆனால் வந்தாலும் படுக்கையில் தள்ளும் அளவுக்கு வருவதில்லை. அதைவிடப் பெரிய பலன், அமிலாய்டு என்னும் புரதம் படிந்து சிறுநீரகம் கெடுவதை இது தடுப்பது. அதனால்தான் காய்ச்சல் இல்லாத நாட்களிலும் விடாமல் உட்கொள்ள வேண்டியிருக்கிறது.

குறைகளும் உண்டு. தொடக்கத்தில் வயிற்றுப்போக்கு என்னை வாட்டியது. மருத்துவர் சொன்னபடி காலையும் இரவுமாகப் பிரித்து, சாப்பாட்டுக்குப் பின் உட்கொண்டபோது அடங்கியது. ஆனால் நான் வாங்கிய பெட்டியில் இருந்த துண்டுச்சீட்டு, இதனுடன் சேர்த்து உட்கொள்ளக் கூடாத மருந்துகளைக் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில் கடைசியில் தள்ளியிருந்ததை மன்னிக்க முடியாது. தொண்டைப் புண்ணுக்கு ஒரு மருத்துவமனையில் கிளாரித்ரோமைசின் என்னும் ஆன்டிபயாட்டிக்கை எழுதிக் கொடுத்தார்கள். கடையிலும் எவரும் தடுக்கவில்லை. எனக்குச் சிகிச்சையளிக்கும் ருமட்டாலஜி (மூட்டு, அழற்சி நோய்) மருத்துவரைத் தொலைபேசியில் கேட்ட பிறகே வேறு மருந்துக்கு மாறினேன். இரண்டும் சேர்ந்தால் கோல்ச்சிசின் உடலில் தேங்கி உயிருக்கே உலை வைக்கும். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகச் செங்காந்தளைப் பயிரிடும் விவசாயிகளுக்குக் கண்வலிக்கிழங்கின் நஞ்சைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே நஞ்சுதான் இந்த மாத்திரையில் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது.

கோல்ச்சிசின் போதாதவர்களுக்கு, இன்டர்லூக்கின்-1ஐத் தடுக்கும் கனகினுமாப் ஊசியை அமெரிக்கா 2016இல் அனுமதித்தது. அதன் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாதது. கோல்ச்சிசினோ ஓர் அட்டை வாங்கினால் கையைக் கடிக்காது. ஆனால் சிறுநீரில் புரதம் போகிறதா, இரத்த அணுக்களும் கல்லீரலும் சரியாக உள்ளனவா என்று தவறாமல் பரிசோதிக்க ஆகும் செலவு மாத்திரையின் விலையை விட அதிகம். வாங்குவோர் அதையும் சேர்த்தே கணக்கிட வேண்டும்.