ஈமேக்ஸுக்குள் மெயில்: நாட்மச்சா, மியூ4ஈயா?

ஈமேக்ஸ் என்ற எடிட்டருக்குள்ளேயே மெயில் படிக்க உதவும் நிரல்கள் நாட்மச்சும் மியூ4ஈயும். இந்த இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். இரண்டுக்கும் தேடல் இயந்திரம் ஸேப்பியன். சர்வரிலிருந்து மெயிலை இறக்கித் தருவது இரண்டுமே அல்ல. அந்த வேலையை எம்பிசிங்க் போன்ற வேறொரு நிரல் செய்து, ஒரு மெயிலுக்கு ஒரு கோப்பு என்று மெயில்டிர் அடைவில் போட்டு வைக்கும். வேகத்திலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு மெயிலை 'முடிந்தது' என்று நீங்கள் ஒதுக்கும்போது அது எங்கே பதிவாகிறது? தேர்வு செய்ய இந்த ஒரு கேள்வி போதும்.

கார்ல் வொர்த் 2009இல் தொடங்கிய நாட்மச்சில் எல்லாமே டேக், அதாவது மெயிலில் ஒட்டும் அடையாளச் சொல். 'ஏ' விசையைத் தட்டினால் 'இன்பாக்ஸ்' டேக் கழன்றுவிடும். கோப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். ஒரே மெயிலுக்கு 'வரி', 'வீடு', 'அவசரம்' என மூன்று டேக் போடலாம். எந்த ஃபோல்டரில் வைத்தோம் என்று யோசிக்கவே வேண்டாம். இந்தச் சுகம் பழகிவிட்டால் விடுவது கஷ்டம். ஆனால் அந்த டேக்குகள் உங்கள் கணினியில் உள்ள தரவுத்தளத்தில் மட்டுமே இருக்கும். படித்தது, நட்சத்திரமிட்டது போன்ற சில குறிகள்தான் சர்வர் வரை போகும். காலையில் நாற்பது மெயிலை ஒதுக்கிவிட்டுப் பேருந்தில் கைப்பேசியைத் திறந்தால், நாற்பதும் அப்படியே இன்பாக்ஸில் உட்கார்ந்திருக்கும். என்னால் இதைத் தாங்க முடியவில்லை.

மியூ4ஈயில் ஒதுக்க வேண்டிய மெயிலை 'ஆர்' தட்டிக் குறித்து, கடைசியில் 'எக்ஸ்' தட்டினால் கோப்பே வேறு ஃபோல்டருக்கு நகரும். அடுத்த சிங்க்கில், அதாவது எம்பிசிங்க் சர்வரோடு ஒத்திசைக்கும்போது, கைப்பேசியிலும் அதேதான். ஒரு எச்சரிக்கை: எம்பிசிங்க், சர்வர் தரும் எண்ணைக் கோப்பின் பெயரிலேயே எழுதி வைக்கும். பெயர் மாறாமல் நகர்த்தினால் இரண்டு மெயிலுக்கு ஒரே எண் அமைந்து சிங்க் நின்றுபோகலாம். நகர்த்தும்போது பெயரை மாற்றச் சொல்லும் அமைப்பு மியூ4ஈயிலேயே உண்டு. முதல் நாளே அதை இயக்கிவிடுங்கள்.

ஈமேக்ஸோடு கூடவே வரும் இன்னொரு மெயில் நிரலான க்னூஸ், செய்திக்குழு எனும் இணைய விவாதக் குழுக்களை வாசிக்கப் பிறந்தது. படித்த மெயில் பட்டியலிலிருந்து மறைவதும், இணையம் மந்தமானால் எடிட்டரே உறைவதும் எனக்கு ஒத்துவரவில்லை.

தமிழில் பதில் எழுத எல்லாவற்றிலும் ஒரே வழிதான்: கண்ட்ரோலையும் பின்சாய்கோட்டையும் சேர்த்து அழுத்தி ஆங்கில எழுத்துகளால் தமிழைத் தட்டச்சிடும் தமிழ்-ஐடிரான்ஸ் முறையைத் தேர்ந்தால் போதும்.

மடிக்கணினி ஒன்றில் மட்டுமே மெயில் பார்ப்பவர் என்றால் தயங்காமல் நாட்மச்சுக்குப் போங்கள். கைப்பேசியும் உண்டென்றால் மியூ4ஈதான். ஒரே மெயில்டிரை இரண்டுக்கும் காட்டலாம்; தரவுத்தளங்கள் தனித்தனி என்பதால், ஒரு வாரம் இரண்டையும் வைத்துப் பார்த்தே முடிவெடுக்கலாம்.